செவியுட் சங்கு

தொல்காப்பியர் மரபியலுள் உயிர்களை அவற்றின் அறிவு வகையால் ஆறு படியாக வகுத்தார். அவ் வரிசையிற் செவியுணர்வு ஐந்தாவதாக வைக்கப்பட்டது. நந்து முதலியன ஈரறிவுயிர்களாகவே நின்றுவிட்டன. நந்து என்பது நத்தைக்கும் சங்குக்கும் உரிய பெயர். எனவே, நம் இலக்கண நூலார் கருத்துப்படி சங்கு கேட்கும் ஆற்றல் அற்றது. ஆயினும், கேளாத அவ் வுயிரின் வடிவமே கேட்கும் பொறியின் வடிவாக அமைந்திருப்பது வியக்கத்தக்கது. மக்கட் செவியின் உட்புறத்தே, எலும்பினுள், ஏறக்குறைய இரண்டரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கும் நுண்ணிய உறுப்பொன்று உண்டு. மேனாட்டு மருத்துவர் அதனைக் 'காக்ளியா' என்பர். நத்தையையும் சுரிந்த ஓட்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அப் பெயர் பிறந்தது. ஆகவே நாம் ஒவ்வொருவரும் தலையின் இருபுறத்தும் ஒவ்வொரு சங்கினைச் சுமந்தே திரிகின்றோம்.

முத்துக்கும் சங்குக்கும் பேர்போன தூத்துக்குடிக் கரையிற் பிறந்த சிறுவர், சங்கினைக் காதிற் பொருத்திக் 'கடல் இரைகிறது' என்று களிப்பர். அவ் வோசை கடலினது அன்று, சங்கினதும் அன்று. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் எப்பொழுதும் உலவும் சிற்றோசைகளுள் சிலவற்றைச் சங்கின் குழிவு பெருக்கிக் காட்டுகின்றது; அவ்வளவே. வெளியோசை சிறிதும் புகாதவாறு அடைக்கப்பட்ட அறையில் அதே சங்கு வாய்மூடிக் கிடக்கும். ஆனால், வெளியே ஓசை யாதும் இல்லாதபொழுதும் நம் செவியுட் சங்கு தானே ஒலிக்கும் நிலை ஒன்றுண்டு. அதனையே மக்கள் 'காதிரைச்சல்' என்பர். வடநூலார் 'கர்ணநாதம்' என்றனர். சுசுருதர் எண்ணிக் கூறிய இருபத்தெட்டுச் செவிநோய்களுள் அதுவும் ஒன்று. ஆங்கில மருத்துவர் வழங்கும் 'டின்னிடஸ்' என்னும் பெயர், மணியொலித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியது. ஒருவர்க்கு அது சில்வண்டின் ஒலியாகவும், மற்றொருவர்க்குக் கொதிக்கும் கெண்டியின் சீழ்க்கையாகவும், வேறொருவர்க்கு ஆலைச்சங்கின் ஊதலாகவும் கேட்கும்.

இதனைப்பற்றி எழுத எனக்கு என்ன தகுதி எனின், தகுதி ஒன்றும் இல்லை. காரணம் ஒன்று உண்டு. என் தாய்மாமன் இளமையிற் சங்கு குளித்தவர். ஒருநாள் கடுஞ்சளியோடு மூழ்கி, மூக்கிற் குருதி வடிய மேலே வந்தார். அன்று தொடங்கிய ஒலி இன்றுவரை அவரை விட்டு நீங்கவில்லை. தொழிலை விட்டு ஆறுமுகநேரிக்கு வந்து, உப்பளத்திற் காவல் வேலை பார்த்து, எங்கள் இல்லத்திலேயே தங்கியிருக்கின்றார். யான் சிறுவனாயிருந்த காலத்தில், நள்ளிரவில் அவர் திண்ணையில் எழுந்து அமர்ந்திருப்பதைப் பலகாற் கண்டிருக்கின்றேன். "மருமகனே, ஊரெல்லாம் உறங்குகிறது; என் காதுக்குள் மட்டும் ஆலைச்சங்கு ஓயவில்லையே!" என்பார். அவர் பித்துக்கொண்டார் என்று சிலரும், சாக்குச் சொல்லுகின்றார் என்று சிலரும் பேசினர். அவர் கூறியது மெய் என்பதைப் பின்னரே கற்றறிந்தேன். அவ்வாறு கற்றவற்றை நண்பர்களும் அறிதல் நலமெனக் கருதியே இக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கேட்கும் வகை

வெளிச்செவியின் வழியே புகும் ஓசை, செவிப்பறையை அதிர்க்கின்றது. பறைக்குப் பின்னுள்ள நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் தொடராக நிற்கின்றன. அவற்றுள் அங்கவடி எலும்பு நம் உடலெலும்புகள் அனைத்தினும் சிறியது. பறையின் அதிர்ச்சியை அவை உட்செவியிலுள்ள சங்கிற்குக் கடத்துகின்றன. சங்கினுள் நீர் நிறைந்துள்ளது. அந் நீர் அலையுங்கால், வரிசை வரிசையாக நிற்கும் மயிரணுக்கள் அசைந்து, அவ் வசைவினை மின்குறிப்பாக மாற்றிச் செவிநரம்பின் வழியே மூளைக்கு விடுக்கின்றன. மூளை அதனை ஓசையென உணர்கின்றது. சங்கின் வாயிலருகே உள்ள அணுக்கள் கீச்சென்ற உயர்ந்த ஓசைகளையும், உச்சிச் சுருளில் உள்ளவை தாழ்ந்த ஓசைகளையும் ஏற்கும்.

ஒரு செவிக்கு ஏறக்குறைய 15,000 மயிரணுக்களே உண்டு. கோழி முதலிய பறவைகட்கு அவை அழிந்தால் மீண்டும் முளைக்கும், மக்கட்கு முளைப்பதில்லை. பிறக்கும்பொழுது பெற்ற அம் முதலைக்கொண்டே வாழ்நாள் முழுதும் வாணிகம் செய்தல் வேண்டும்.

கடலும் செவியும்

மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு பண்டைக்காலந்தொட்டே நிகழ்ந்து வந்தது. கொற்கையின் முத்துப் பெருமையைத் தமிழ் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே இறுதியானது. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகின்றது. பழைய முறையிற் குளிப்பவர், கயிற்றிற் கட்டிய கல்லின் துணையால் விரைந்து இறங்கி, மூச்சடக்கியவாறே தரையைத் துழாவி, தோணியில் உள்ளவர் கயிற்றை இழுக்க மேலே வருவர். இக்காலத்திற் சிலர் தோணியிலுள்ள கம்ப்ரஸரினின்று குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் நீருள் தங்குகின்றனர்.

கடலில் 33 அடி இறங்கினால், மேலே உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தம் உடலைத் தாக்கும். 66 அடியில் அது மும்மடங்காகும். கடலோடிகள் ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். ஒரு பாகம் ஆறடி. ஆகவே, பதினொரு பாக ஆழத்திற் சங்கெடுப்பவன் செவிப்பறைமேல் மும்மடங்கு அழுத்தம் நிற்கின்றது. பறைக்கு உட்புறத்துள்ள காற்றும் அதற்கு ஈடாக அழுத்தம் பெற்றாலன்றிப் பறை உட்குழிந்து கிழியும். இதற்கென்றே நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயொன்று அமைந்துள்ளது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ, எச்சிலை விழுங்கியோ குளிப்பவர் அக் குழாயைத் திறந்துகொள்வர். சளி பிடித்த காலத்தில் அது வீங்கி அடைபட்டிருக்கும். அப்பொழுது வலிந்து ஊதினும், வலியைப் பொறுத்து இறங்கினும், பறை கிழிதலோடு நில்லாமல், உட்செவியின் மெல்லிய சவ்வும் பிளந்து நீர் கசியக்கூடும். அதன் விளைவுகள் மூன்று: கேள்வி மங்கல், தலைச்சுற்றல், காதிரைச்சல். என் மாமனுக்கு நேர்ந்தது இதுவே. 'சளியிருந்தால் மூழ்காதே' என்னும் ஒரு சொல்லை அன்று யாரேனும் வற்புறுத்தியிருப்பின், அவருடைய வாழ்வு வேறாயிருக்கும்.

எனினும் இந்நோய் குளிப்பவர்க்கே உரியதன்று. பேரொலியே இதற்குப் பெருங்காரணம். பஞ்சாலை, இரும்புப் பட்டறை, படகு எஞ்சின் ஆகியவற்றின் நடுவே ஆண்டுக்கணக்காக உழைப்போர்க்கு இது வரும். முதுமையும் ஒரு காரணம். காதுக்குறும்பி அடைத்தல், நடுச்செவியிற் சீழ் கட்டுதல், எலும்பு இறுகுதல், இரத்தக் குறைவு முதலியனவும் காரணமாகும். கொயினா, மிகையான அளவில் உண்ணும் ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகளும் செவியைத் தாக்கக்கூடும். 2022-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதினால்வர் இவ்வோசையை அறிந்தவர் என்று கணக்கிட்டது. இசைப்புலவர் பீதோவன் தமது முப்பதாம் வயதிலேயே இதனால் வருந்தி, 1801-இல் மருத்துவ நண்பர்க்குக் கடிதம் எழுதினார். அதன்பின் அவர் இயற்றிய இசையே உலகம் போற்றும் இசையாயிற்று என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இல்லாத ஓசை எங்ஙனம் எழும்?

ஓசை காதிற் கேட்பதுபோல் தோன்றினும், பெரும்பாலும் அது பிறக்குமிடம் மூளையே என்பர் இக்கால அறிஞர். மயிரணுக்கள் சில அழிந்தவிடத்து, அவற்றினின்றும் வரவேண்டிய செய்தி மூளைக்கு வருவதில்லை. சரியாகக் கேளாத வானொலிப் பெட்டியின் திருகை நாம் மேன்மேலும் முறுக்குகின்றோம் அன்றோ? அங்ஙனமே மூளையும் தன் கூர்மையை மிகுத்துக்கொள்கின்றது. அப்பொழுது நரம்புகளில் இயல்பாகவே ஓடும் சிறு குறிப்பும் ஓசையாகப் பெருகிக் கேட்கின்றது. கால் இழந்தவர் இல்லாத பாதத்தில் வலியை உணர்வது போன்றதே இதுவும். முற்காலத்தில் இவ்வொலியை நிறுத்தக் கருதிச் செவிநரம்பையே அறுத்துப் பார்த்தனர். பலர்க்குக் கேள்வி போயிற்று, ஒலி போகவில்லை.

நோயில்லாதாரிடத்தும் இதன் வித்து உண்டு. 1953-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செவி நலமுடைய எண்பதின்மரை ஓசைபுகா அறையில் இருத்தி, கேட்பதைக் கூறுமாறு பணித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். முற்றிய அமைதி என்பது செவிக்கு இல்லை போலும்!

அங்ஙனமாயின், ஒருவர் பொருட்படுத்தாத ஒலி மற்றொருவரை உறக்கமின்றி வாட்டுவது ஏன்? ஒலியின் அளவு அதற்குக் காரணமன்று. அளந்து நோக்கின், பெருந்துயர் செய்யும் இரைச்சலும் பெரும்பாலும் காற்றில் இலை அசையும் ஒலியினும் மிக்கதன்று. துயரத்தின் அளவை அறுதியிடுவது மனம் அதனை ஏற்கும் முறையே. 'இது பெருநோயின் அறிகுறியோ? செவிடாவேனோ? பித்தாவேனோ?' என்னும் அச்சம் எழுந்தால், மூளை அவ்வோசையைப் பகையென எண்ணி ஓயாது காவல் செய்யும். காவல் மிகுந்தோறும் ஒலி மிகும், ஒலி மிகுந்தோறும் அச்சம் மிகும், உறக்கம் கெடும், உறக்கம் கெட்டவழி அனைத்தும் மிகும். இச் சுழலை முதன்முதல் தெளிவாக வகுத்துக் காட்டியவர் ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் அறிஞர், ஆண்டு 1990.

செய்யத் தகாதன

நம்மூரில் காதிரைச்சல் என்றவுடன் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகின்றனர். பச்சிலைச் சாறு பிழிகின்றனர். ஊக்கும் தீக்குச்சியும் கொண்டு குடைகின்றனர். பறையிற் சிறு துளை இருப்பின் ஊற்றிய எண்ணெய் நடுச்செவியிற் புகுந்து சீழாக்கும். சூடு பறையைச் சுடும். குடைதல் குறும்பியை உள்ளே தள்ளும். கடையில் விற்கும் சொட்டு மருந்துகளைக் கேட்டறியாது வாங்கி விடுதலும் நன்றன்று. 'சில நாளில் இரைச்சலை ஒழிக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளும் உள. இன்றுவரை இவ்வொலியை அடியோடு அகற்றும் மருந்து ஒன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. புகழ்பெற்ற ஜிங்கோ இலைச்சாரமும் ஆய்வில் தோற்றது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்கச் செவி மருத்துவக் கழகம் வெளியிட்ட நெறியுரை, அதனையும் துத்தநாகம் முதலியவற்றையும் இதற்கெனப் பரிந்துரைத்தல் வேண்டா என்றே கூறுகின்றது. என் மாமன் இவற்றுள் பலவற்றிற் காசை இழந்தவர். ஒருமுறை எண்ணெயால் காதும் புண்பட்டவர்.

செய்யத் தக்கன

முதலாவது, செவி மருத்துவரிடம் சென்று காட்டுதல். குறும்பியே காரணமாயின் அரைமணி நேரத்தில் நோய் தீரும். இரத்தக் குறைவாயின் அதற்குரிய மருந்தால் நீங்கும். உண்ணும் மருந்தே காரணமெனத் தோன்றினும், அதனைத் தாமே நிறுத்திவிடாது மருத்துவரைக் கேட்டே மாற்றல் வேண்டும். நான்கு குறிகள் தோன்றினால் ஒருநாளும் தாழ்த்தலாகாது: ஒரே காதில் மட்டும் இடைவிடாது ஒலித்தல், நாடித் துடிப்போடு ஒத்து ஒலித்தல், கடுந் தலைச்சுற்றலோடு வருதல், திடீரெனக் கேள்வி குன்றுதல். இறுதியாகக் கூறியதற்கு நாட்கணக்கிலேயே மருத்துவம் தொடங்கினால்தான் பயன் மிகும்.

இரண்டாவது, கேள்விக் குறைவுக்குச் செவித்துணைக் கருவி. காது மெஷின் அணிதல் கிழத்தனத்தின் குறி என்று வெட்குவார் உளர். கண்ணாடி அணிய வெட்காதவர் இதற்கு ஏன் வெட்குதல் வேண்டும்? கருவியால் வெளியோசை நன்கு உட்புகுமாயின், மூளை தன் திருகைத் தளர்த்தும். பலர்க்கு உள்ளொலி தணியும்.

மூன்றாவது, அமைதியை விலக்கி மெல்லோசையைத் துணைக்கொள்ளல். இது புதிய முறையன்று. வெளியோசை எழுந்தால் காதின் இரைச்சல் அடங்குவது ஏன் என்னும் வினா, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய வினாத் தொகுதியிலேயே காணப்படுகின்றது. 1821-இல் நூலெழுதிய பிரெஞ்சு மருத்துவர் இடார், நீராலைக்கருகே குடியிருக்குமாறும் கூறினார். என் மாமன் இடாரைக் கேட்டறியாதவர். ஆயினும், கச்சான் காற்று உப்பளத்தின் மேல் வீசி இரையும் மாதங்களில் தாம் நன்றாக உறங்குவதையும், காற்று ஓய்ந்த இரவுகளில் உறக்கம் வராமையையும் அவர் கண்டிருந்தார். அதன் காரணம் தெரிந்தபின், தலைமாட்டில் ஒரு மேசை விசிறியை ஓடவிட்டோம். கச்சான் காற்றை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தது போலாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு: வெளியோசை உள்ளோசையை முற்றும் மூழ்கடித்தல் வேண்டா, அதனினும் சிறிது தாழ்ந்திருத்தல் சாலும். இரண்டும் சேர்ந்து கேட்டாற்றான் மூளை பழகும்.

நான்காவது, மனத்தைப் பயிற்றல். அச்சந்தரும் எண்ணங்களைத் தேர்ந்து, அவை மெய்யோ பொய்யோ என ஆராய்ந்து மாற்றுவதற்கு ஒரு முறையான பயிற்சி உண்டு. எண்ண நடத்தை மருத்துவம் எனலாம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 28 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 2,700-க்கு மேற்பட்டவரையும் ஆராய்ந்து, இப் பயிற்சி காதிரைச்சலால் வரும் துன்பத்தைக் குறைக்கின்றது என்று முடிவு கண்டது. ஒலி குறையாவிடினும் துன்பம் குறையும் என்பதே அதன் பொருள்.

'பழகிக்கொள்' என்பதன் பொருள்

என் மாமனைப் பல்லாண்டுகளுக்கு முன் நோக்கிய மருத்துவர் ஒருவர், "இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளும்," என்று கூறி அனுப்பிவிட்டார். அச் சொல் அவரை உடைத்துவிட்டது. எண்ணிப் பார்க்குங்கால், அம் மருத்துவர் கூறிய இரண்டும் பொய்யல்ல. ஒலியை அகற்றும் மருந்து இல்லை, பழகுதலே வழி. ஆனால், எப்படிப் பழகுவது என்பதை அவர் கூறவில்லை. நீந்தத் தெரியாதவனைக் கடலிற் போட்டு 'நீந்திக்கொள்' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? பழகுதல் என்பது கையற்று இருத்தலன்று. அதுவும் ஒரு மருத்துவமே. கருவியும், மெல்லோசையும், அச்சம் நீக்கும் நல்லுரையும், பயிற்சியும் சேர்ந்தே பழக்கத்தை உண்டாக்குகின்றன.

உள்நாட்டில் பிறந்து கடற்கரை யூரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையார், முதல் மாதம் அலையோசையால் உறங்கவே இல்லையாம். இன்று அவரிடம், "அலையோசை தொல்லை தரவில்லையா?" என்று கேட்டால், "எந்த ஓசை?" என்பார். அலை ஓயவில்லை, அவருடைய மனம் அதனைப் பகையென எண்ணுவதை விட்டது. அவ்வளவே.

நண்பர்க்கு ஒரு சொல்

வள்ளுவர் கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். அச் செல்வத்தை ஈட்டும் பருவத்தில் உள்ள நாமே அதன் பெட்டியை உடைக்கின்றோம். 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பர். அதன்மேல் மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் காலம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் ஆயின் கால்மணி நேரமே எல்லை. இயர்போனை முழு ஓசையில் வைத்து மணிக்கணக்காகக் கேட்பவரும், ஒலிபெருக்கியின் வாயருகே நின்று ஆடுபவரும், கையெட்டும் தொலைவில் வெடி வெடிப்பவரும் இக் கணக்கினை ஒருமுறை நினைத்தல் நன்று. விழா முடிந்து விடுதிக்கு மீண்டபின் காது 'கிண்' என்று இரைந்தால், அது விளையாட்டன்று. மயிரணுக்கள் விடுக்கும் எச்சரிக்கை. அன்று அது தணிந்துவிடும். ஒருநாள் தணியாது போகும். பேரொலி நடுவே வேலை செய்பவர் காதடைப்பான் அணிதல் வேண்டும். நீருட் குளிப்பவரோ, அவ்வாறு காதை அடைத்துக்கொண்டு மூழ்குதல் தீது. சளியுள்ள நாளில் மூழ்காதிருத்தலே அவர்க்குக் காப்பு.

இன்னுமொன்று. இந்நோய் பிறர் கண்ணுக்குப் புலனாகாதது. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆதலின் நோயாளியின் சொல்லை உலகம் நம்புவதில்லை. இரவெல்லாம் தனித்து விழித்திருந்து, வாழ்வையே வெறுத்தவரும் உளர். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் 'காது இரைகிறது' என்றால், 'வயதாயிற்று' என்று தள்ளிவிடாமல், அருகமர்ந்து கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடமை. நம்பிக் கேட்பதே முதல் மருந்து.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தேன். காதிற் கருவியோடு மாமன் திண்ணையில் அமர்ந்து, உப்பளத்துக்குச் செல்லும் ஆட்களோடு உரையாடிக்கொண்டிருந்தார். "மாமா, ஒலி போய்விட்டதா?" என்று வினவினேன். "போகவில்லை, மருமகனே! அது பாட்டுக்கு அது இருக்கிறது. நான் பாட்டுக்கு நான் இருக்கிறேன். கேட்டுப் பார்த்தால் கேட்கும்," என்றார். பின்னர், நீ கேட்டதால் அல்லவா இப்பொழுது கேட்கிறது என்று கூறி நகைத்தார். அவர் நகைத்து யான் பார்த்தது நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான்.